ஊசிக்குப் பிறகு ஏறும் ஐஜிஇ

ஓமலிசுமாப் என்பது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைப் பிடித்து முடக்கும் மருந்து. கடும் ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த ஊசியைப் போடத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து ரத்தத்தைச் சோதித்தால், மொத்த ஐஜிஇ குறைந்திருக்காது. முன்பிருந்ததைவிடப் பல மடங்கு கூடியிருக்கும். ஆய்வகம் தரும் தாளில் அந்த எண் வரம்பு மீறியதாகத் தடித்த எழுத்தில் அச்சாகி வரும். அதே நேரத்தில் அந்த நோயாளி நடுஇரவில் இளைப்போடு எழுந்து உட்காராமல் விடியும்வரை தூங்கத் தொடங்கியிருப்பார். பரிசோதனையில் பிழை எதுவும் இல்லை. மருந்து வேலை செய்வதால்தான் அந்த எண் ஏறுகிறது.

ஆஸ்துமாக்காரர்களில் பெரும்பாலோருக்கு இன்ஹேலரில் வரும் ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் போதும். அதிக அளவு இன்ஹேலரை முறை தவறாமல் எடுத்தும் அடங்காத ஆஸ்துமா, அல்லது அந்த அளவைக் குறைத்த உடனே மோசமாகும் ஆஸ்துமா, கடும் ஆஸ்துமா எனப்படும். நெதர்லாந்தில் எடுத்த கணக்கின்படி ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவானவர்களே இந்தப் பிரிவில் வருகிறார்கள். எண்ணிக்கையில் சிறிய இந்தக் கூட்டம்தான் அடிக்கடி மருத்துவமனையில் சேர்கிறது. மாத்திரை ஸ்டீராய்டை மாதக்கணக்கில் விழுங்கி எலும்புத் தேய்மானம், சர்க்கரை, கண்புரை என்று வேறு நோய்களையும் வாங்கிக்கொள்கிறது. இவர்களுக்கென்று 2003-இலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்த உயிரியல் மருந்துகள் எல்லாமே விலை கூடியவை, மாதக்கணக்கில் ஊசியாகத் தொடர வேண்டியவை. ஒருவருக்கு எது பலிக்கும், போட்ட ஊசி பலித்ததா என்பதை அறிய ரத்தத்திலும் சளியிலும் மூச்சுக்காற்றிலும் அளக்கப்படும் பொருள்களே உயிர்க்குறிப்பான்கள்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்களும் 2016-இல் சேர்ந்து வெளியிட்ட சொல் விளக்கத் தொகுப்பு, உயிர்க்குறிப்பான்களை அவை செய்யும் வேலையை வைத்துப் பல வகையாகப் பிரிக்கிறது. ஆஸ்துமாவுக்கு அவற்றில் மூன்று முக்கியம். மருந்து யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது ஒன்று. உடலுக்குள் போன மருந்து தன் இலக்கைத் தொட்டதா என்று காட்டுவது இன்னொன்று. நோய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தொடர்ந்து காட்டுவது மூன்றாவது. ஒரே எண் இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லும் என்று நினைத்துக்கொள்வதில்தான் இந்தத் துறையின் பாதிக் குழப்பம் இருக்கிறது.

ஐஜிஇ: இரண்டு நாளும் பல வாரமும்

ஒவ்வாமையை ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவர் தோலுக்கு மாற்றலாம் என்று பிராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்ற இரு ஜெர்மானியர்கள் 1921-இலேயே காட்டிவிட்டார்கள். அதற்குக் காரணமான பொருள் எது என்பது தெரிய இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிச் இருவரும் 1960-களின் பிற்பாதியில் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தார்கள். 1968-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஐஜிஇ என்று பெயர் சூட்டியது. ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களிலேயே மிகக் குறைந்த அளவில் இருப்பது இதுதான். மாஸ்ட் செல், பேசோஃபில் என்ற செல்களின் மேல் உள்ள ஏற்பிகளில் ஐஜிஇ போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுத்தூசிச் சிற்றுண்ணியின் கழிவோ கரப்பான் பூச்சியின் துகளோ வந்து ஒட்டியதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்ட, மூச்சுக்குழாய் சுருங்குகிறது.

ஓமலிசுமாப், ஏற்பியில் உட்காரும் முன்பே ஐஜிஇ-யை ரத்தத்தில் வைத்துப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு ஐஜிஇ இருக்கிறதோ அதற்கேற்ற மருந்து வேண்டும் என்பதால், மருந்தின் அளவு நோயாளியின் எடையையும் தொடக்க ஐஜிஇ-யையும் பெருக்கி முடிவு செய்யப்படுகிறது. ஒரு கிலோ எடைக்கு, ஒரு யூனிட் ஐஜிஇ-க்கு, நான்கு வாரத்துக்குக் குறைந்தது 0.016 மில்லிகிராம் என்பது அடிப்படைக் கணக்கு. 60 கிலோ எடையும் மில்லிலிட்டருக்கு 300 யூனிட் ஐஜிஇ-யும் உள்ள ஒருவருக்கு இது 288 மில்லிகிராம் வரும். அட்டவணைப்படி 300 மில்லிகிராம் போடுவார்கள். ஐஜிஇ-யின் அளவு நேரடியாக மருந்தின் அளவைத் தீர்மானிப்பதால், அது குறைந்தால் நோய் குறைந்தது என்று எடுத்துக்கொள்வது இயல்பு. அங்கேதான் சறுக்கல்.

தனியாக மிதக்கும் ஐஜிஇ-யின் அரை ஆயுள் இரண்டு நாள்தான். ஓமலிசுமாப் அதைப் பிடித்துக்கொண்டதும் இரண்டும் சேர்ந்த கூட்டுப்பொருள், மருந்தைப் போலவே வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. உடலோ பழைய வேகத்திலேயே ஐஜிஇ-யைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. உற்பத்தி அப்படியே இருக்க வெளியேற்றம் மந்தமானால் இருப்பு ஏறத்தானே செய்யும்? வழக்கமான ஆய்வகச் சோதனை, பிடிபட்ட ஐஜிஇ-யையும் பிடிபடாததையும் சேர்த்தே எண்ணுகிறது. அதனால்தான் தொகை வீங்குகிறது. பிடிபடாத ஐஜிஇ-யை மட்டும் தனியே அளந்தால் அது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் சரிந்திருப்பது தெரியும். அந்தச் சோதனை ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை. சிகிச்சை நடக்கும்போது மொத்த ஐஜிஇ-யை மறுபடி அளந்து மருந்தின் அளவை மாற்றக் கூடாது என்று மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. ஊசியை நிறுத்தினாலும் ஓராண்டு வரை அந்த எண் உயர்ந்தே இருக்கலாம். அதற்குள் மருந்தை மீண்டும் தொடங்கினால் பழைய தொடக்க அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

செல்களின் மேற்பரப்பில் நடப்பது இன்னும் சுவையானது. மிதக்கும் ஐஜிஇ குறைந்தால் அதை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பிகளும் குறைந்துவிடுகின்றன. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பேசோஃபிலின் மேல் சராசரியாக 2,20,000 இருந்த ஏற்பிகள் மூன்று மாதச் சிகிச்சைக்குப் பின் 8,300 ஆகச் சுருங்கின. மருந்து இலக்கைத் தொட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. ஆனாலும் ஏற்பி குறைந்த எல்லோருக்கும் ஆஸ்துமா குறைவதில்லை. ஒவ்வாமை இருப்பதும் அந்த ஒவ்வாமைதான் ஆஸ்துமாவை நடத்துகிறது என்பதும் வேறு வேறு.

தொடக்க ஐஜிஇ உயர்வாக இருப்பவருக்குத்தான் ஓமலிசுமாப் நன்றாக வேலை செய்யும் என்பதும் நிலைக்கவில்லை. 850 பேரிடம் 48 வாரம் நடந்த எக்ஸ்ட்ரா ஆய்வின் தரவைப் பிறகு பிரித்துப் பார்த்தபோது, பலனை முன்கூட்டிச் சொன்னவை வேறு குறிப்பான்களாக இருந்தன. மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய்த்தாக்குதல்கள் 53 சதவீதம் குறைந்தன. குறைவாக இருந்தவர்களுக்கு 16 சதவீதம் மட்டுமே. ரத்தத்தில் உள்ள இயோசினோஃபில் என்ற வெள்ளையணுவை வைத்துப் பிரித்தபோது இதே வேறுபாடு 32-க்கு 9 என்று வந்தது. இதோடு கதை முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். 2018-இல் பிரான்சின் ஸ்டெல்லேர் ஆய்வு, அன்றாட மருத்துவத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. இயோசினோஃபில் மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்த பெரியவர்களிலும் கீழே இருந்தவர்களிலும் ஏறக்குறைய 58 சதவீதம் பேருக்கே பலன் கிடைத்திருந்தது. ஆக, ஓமலிசுமாப் பலித்ததா என்பதை இன்றும் பதினாறு வாரம் போட்டுப் பார்த்து மருத்துவரே முடிவு செய்கிறார். தாக்குதல்கள் குறைந்தனவா, மாத்திரை ஸ்டீராய்டு குறைந்ததா, இரவுத் தூக்கம் திரும்பியதா என்ற பழைய கேள்விகள்தான் அங்கே அளவுகோல். இதைக் குறையென்று கருத வேண்டியதில்லை. எந்த ஒற்றை எண்ணும் இதுவரை அந்தக் கேள்விகளை வெல்லவில்லை.

ஒரு மருந்தைக் காப்பாற்றிய செல்

இயோசினோஃபில் வெள்ளையணுக்களை 1879-இல் பால் எர்லிக் முதன்முதலில் விவரித்தார். இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை அவை ஆசையோடு உறிஞ்சிக்கொள்வதால் அந்தப் பெயர். ஆஸ்துமாவில் இவை மூச்சுக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து அழற்சியை வளர்க்கின்றன.

எத்தனை இயோசினோஃபில் மூச்சுக்குழாயில் இருக்கிறது என்று அறிய நேரடி வழி சளியை எண்ணுவது. நோயாளியை அடர் உப்புநீரின் ஆவியைச் சில நிமிடம் சுவாசிக்கச் செய்து, இருமிச் சளியை ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்வார்கள். எச்சிலைத் தவிர்த்துச் சளிக் கட்டிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ரசாயனத்தால் கரைத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் நானூறு செல்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். இங்கிலாந்தின் லெஸ்டரில் 74 பேரிடம் ஓராண்டு நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவுக்கு அறிகுறிகளைப் பார்த்தும் மற்றப் பிரிவுக்குச் சளியில் இயோசினோஃபில் 3 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படியும் மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். முதல் பிரிவில் கடும் தாக்குதல்கள் 109, இரண்டாவதில் 35. குறிப்பானைப் பார்த்துச் சிகிச்சையை நடத்தலாம் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு இது. ஆனால் தேர்ந்த கையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைப்பும் வேண்டிய இந்தச் சோதனை உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய மையங்களைத் தாண்டிப் பரவவில்லை. மற்ற இடங்களில் ரத்த இயோசினோஃபிலே அதன் பதிலாளாக இருக்கிறது.

மெபோலிசுமாப்பின் கதையைச் சொல்லாமல் இந்தச் செல்லை விட்டுப் போக முடியாது. இயோசினோஃபிலை வளர்க்கும் ஐஎல்-5 என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து அது. 2007-இல் 362 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இயோசினோஃபில் நன்றாகக் குறைந்தும் நோயில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. மருந்து கிட்டத்தட்டக் கைவிடப்பட்டது. இரண்டே ஆண்டில், லெஸ்டரிலிருந்தும் கனடாவின் ஹாமில்டனிலிருந்தும் இரு சிறு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஒன்றில் 61 பேர், மற்றதில் 20 பேர். இரண்டு குழுக்களும் ஸ்டீராய்டு கொடுத்தும் இயோசினோஃபில் அடங்காதவர்களை மட்டுமே பொறுக்கி எடுத்திருந்தன. லெஸ்டர் ஆய்வில் ஆண்டுக்கு ஒருவருக்குச் சராசரி 3.4 ஆக இருக்க வேண்டிய தாக்குதல்கள் 2.0 ஆகக் குறைந்தன. மருந்து மாறவில்லை, கொடுக்கப்பட்ட ஆட்கள் மாறினார்கள். அமெரிக்காவில் 2015 நவம்பரில் அதற்கு அனுமதி கிடைத்தது.

யாருக்குக் கொடுப்பது என்று இவ்வளவு நன்றாகச் சொன்ன அதே ரத்த இயோசினோஃபில், கொடுத்த பிறகு ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது. மெபோலிசுமாப் போட்ட எல்லோருக்கும், குணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அது சரிந்துவிடும். ஐஎல்-5-இன் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு செல்லையே கொல்லச் செய்யும் பென்ராலிசுமாப்பில் அது ஏறக்குறைய சுழியத்துக்கே போய்விடும். சுழியம் என்பது ஊசி உள்ளே போனது என்பதற்கு மட்டுமே சான்று. டூபிலுமாப்பில் நிலைமை தலைகீழ். அது ஐஎல்-4, ஐஎல்-13 என்ற இரு புரதங்களையும் தடுப்பதால், ரத்தத்திலிருந்து திசுவுக்குள் போகும் பாதை இயோசினோஃபிலுக்கு அடைபடுகிறது. திசுவில் குறைய, ரத்தத்தில் தற்காலிகமாகக் கூடுகிறது. பெரும்பாலும் இதனால் கெடுதல் இல்லை. எண்ணிக்கை மிக உயர்ந்து, புதிதாகத் தோல் தடிப்போ கை கால் மரத்துப்போவதோ சேர்ந்தால் மட்டும் ரத்தக்குழாய் அழற்சி தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூச்சில் ஒரு வாயு

மனிதர் வெளிவிடும் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு இருப்பதை 1991-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆஸ்துமாவில் அது கூடுகிறது என்பது 1993-இல் தெரிந்தது. ஐஎல்-13 தூண்டும்போது மூச்சுக்குழாயின் உட்பூச்சுச் செல்கள் இந்த வாயுவை அதிகம் தயாரிக்கின்றன. ஃபீனோ எனப்படும் இந்தச் சோதனையில் ஊசி இல்லை, ரத்தம் இல்லை. நோயாளி ஆழ மூச்சிழுத்து, ஒரு குழாயில் நொடிக்கு 50 மில்லிலிட்டர் வேகத்தில் பத்து நொடி சீராக ஊத வேண்டும். வேகம் கூடினால் வாயு நீர்த்து எண் குறையும் என்பதால், கருவி திரையில் ஒரு படம் காட்டி ஊதும் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லும். பெரியவர்களில் 25 பிபிபி-க்குக் கீழே குறைவு, 50-க்கு மேல் அதிகம் என்பது 2011-இல் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் வகுத்த வரம்பு. பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. புகைபிடிப்பவரிடம் இந்த எண் தாழும். சோதனைக்கு முன் கீரையோ பீட்ரூட்டோ சாப்பிட்டு வந்தவரிடம் ஏறும்.

ஃபீனோவின் பெரிய பயன் ஒரு சங்கடமான கேள்விக்குப் பதில் சொல்வது: நோயாளி இன்ஹேலரை உண்மையிலேயே எடுக்கிறாரா? உயர்ந்த ஃபீனோ உள்ளவரைக் கண்காணிப்பில் ஒரு வாரம் இன்ஹேலர் எடுக்க வைத்து, எண் சடாரென்று விழுந்தால் வீட்டில் அது சரியாக எடுக்கப்படவில்லை என்று பொருள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் உருவான இந்த முறை, விலை கூடிய ஊசி தேவையே இல்லாத சிலரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது.

ஊசி மருந்துகளோடு ஃபீனோ நடந்துகொள்ளும் விதம் மருந்துக்கு மருந்து வேறு. டூபிலுமாப் ஐஎல்-13-ஐத் தடுப்பதால் ஃபீனோ வேகமாகச் சரியும். மூச்சுக்குழாய்ச் செல்கள் அனுப்பும் முதல் அபாயச் செய்தியான டிஎஸ்எல்பி-யைத் தடுக்கும் டெசெபெலுமாப்பில் ஃபீனோ, இயோசினோஃபில், ஐஜிஇ மூன்றும் இறங்குகின்றன. மெபோலிசுமாப்பிலும் பென்ராலிசுமாப்பிலும் ஃபீனோ பெரிதாக அசையாது. ஆகவே மெபோலிசுமாப் போட்டுக்கொண்டு சுகமாக இருப்பவரிடம் ஃபீனோ 60 இருந்தால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மருந்தை மாற்றுவது தவறு.

அசையாத அந்த எண்ணுக்கும் வேறிடத்தில் வேலை உண்டு. மெபோலிசுமாப்பில் இருக்கும்போதே தாக்குதல் வந்தவர்களைப் பிரிட்டனின் மெக்ஸ் ஆய்வு தாக்குதல் நடக்கும்போதே சோதித்தது. ஃபீனோ 50-க்கு மேல் இருந்தால் சளியில் இயோசினோஃபில் நிறைந்திருந்தது. 20-க்குக் கீழே இருந்தால் தொற்றும் நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணுவும் இருந்தன. இரண்டாவது வகைக்கு ஸ்டீராய்டை அள்ளிக் கொடுப்பதில் அர்த்தம் குறைவு. இன்ஹேலரைக் குறைக்கும்போதும் இந்த எண் பேசுகிறது. 2023-இல் வந்த ஷமால் ஆய்வில், பென்ராலிசுமாப்பில் நன்றாக இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்ஹேலர் ஸ்டீராய்டைக் குறைக்க முடிந்தது. மிகவும் குறைத்தவர்களிடம் மட்டும் ஃபீனோ ஏறி, நுரையீரல் திறன் சற்று இறங்கியது. இயோசினோஃபில் இல்லாமலேயே ஐஎல்-13-இன் பாதை திறந்துகொண்டதற்கு அது அடையாளம்.

எண்ணைப் பார்த்து மருந்தைக் குறைக்கும் திட்டங்கள் தடுக்கி விழுவது பல நேரம் உயிரியலால் அல்ல. பிரிட்டனில் 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் ஃபீனோ, இயோசினோஃபில், பெரியோஸ்டின் என்ற ரத்தப் புரதம் மூன்றையும் சேர்த்து ஸ்டீராய்டைச் சீரமைத்தார்கள். அளவைக் குறைத்தவர்கள் 28.4 சதவீதம், அறிகுறியை மட்டும் பார்த்த பிரிவில் 18.5 சதவீதம். புள்ளியியலின்படி இந்த வேறுபாடு உறுதியானதல்ல. குறைக்கலாம் என்று எண் சொன்னபோதும் பல நோயாளிகள் குறைக்க மறுத்துவிட்டார்கள். மூச்சு முட்டி ஆம்புலன்சில் போய் வந்தவர் ஒரு தாளை நம்பி மருந்தைக் குறைக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

புழுவும் பூஞ்சையும் உள்ள நாட்டில்

இந்த வரம்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வகுக்கப்பட்டவை. குடற்புழுவும் யானைக்கால் புழுவும் உள்ள இடங்களில் ஐஜிஇ-யும் இயோசினோஃபிலும் ஆஸ்துமா இல்லாமலேயே உயரும். இருமலோடு வருபவரிடம் "உங்களுக்கு ஈஸ்னோபீலியா" என்று சொல்லி அனுப்புவது தமிழ்நாட்டுக் கிளினிக்குகளில் நெடுநாள் வழக்கம். அதன் பின்னால் உண்மையான ஒரு நோய் உண்டு. யானைக்கால் புழுவின் இளம் உயிரிகளுக்கு எதிராக நுரையீரல் கொதித்தெழும் வெப்பமண்டல இயோசினோஃபீலியாவை 1940-களின் தொடக்கத்தில் இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர்கள் விவரித்தார்கள். அதில் இயோசினோஃபில் மைக்ரோலிட்டருக்கு 3,000-ஐத் தாண்டும். இரவு இருமலும் இளைப்பும் ஆஸ்துமா போலவே இருக்கும். டைஎத்தில்கார்பமசின் மாத்திரைக்கு அடங்கிவிடும். அதை ஆஸ்துமா என்று எண்ணி உயிரியல் மருந்து தொடங்கினால் தொடக்க எண்ணே பொய்யாகிவிடும். ஊசிக்கு முன் புழுத்தொற்றைத் தேடிச் சிகிச்சை தருவது விதியாக இருக்கிறது.

ஆஸ்துமாவோடு சேர்ந்து வரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை ஒவ்வாமையில் மொத்த ஐஜிஇ-க்குப் பழைய மரியாதை அப்படியே இருக்கிறது. சண்டிகர் மருத்துவர்கள் பெரும்பங்கு வகித்த 2013 பன்னாட்டு வழிகாட்டுதல் வகுத்த கணக்கில், எட்டு வாரச் சிகிச்சையில் ஐஜிஇ கால் பங்காவது இறங்கினால் பலன்; இறங்கி நிலைத்த அளவிலிருந்து பாதிக்கு மேல் ஏறினால் நோய் திரும்புகிறது. இதே நோயாளிக்கு ஓமலிசுமாப் தொடங்கிவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. அதன்பின் மார்பு ஸ்கேனும் அறிகுறிகளுமே வழிகாட்டும்.

எப்போது ஊசியை நிறுத்துவது என்பதற்கும் குறிப்பான்கள் அரைகுறைப் பதிலே தருகின்றன. ஏறத்தாழ ஐந்தாண்டு ஓமலிசுமாப் போட்டுக்கொண்டவர்களை எக்ஸ்போர்ட் ஆய்வு இரு பிரிவாகப் பிரித்தது. தொடர்ந்தவர்களில் 67 சதவீதம் பேர் அடுத்த ஓராண்டைத் தாக்குதல் இல்லாமல் கடந்தார்கள், நிறுத்தியவர்களில் 47.7 சதவீதம் பேர். நிறுத்தியவர்களிடம் தனி ஐஜிஇ-யும் பேசோஃபில் ஏற்பிகளும் மீண்டும் கூடின. என்றாலும் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நன்றாகவே இருந்தார்கள். அந்தப் பாதியில் யார் இருப்பார் என்பதை நிறுத்துவதற்கு முன்பே சொல்லும் சோதனை இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை. அதுவரை ஊசிகளின் இடைவெளியைக் கூட்டிப் பார்ப்பதும், ஃபீனோவையும் மூச்சுத்திறனையும் மாதங்களுக்கு ஒருமுறை அளப்பதும், தாக்குதல் வந்தால் பழைய அளவுக்கே திரும்புவதும்தான் நடைமுறை.